புகை போகும் வாசல் – டூ-ஸ்ட்ரோக் எஞ்சினும் பவர் வால்வும்

கச்சிராயபாளையத்தைத் தாண்டி வெள்ளிமலைக்குப் போகும் சாலை கல்வராயன் மலையில் வளைந்து வளைந்து ஏறுகிறது. இந்தச் சாலையில் பல ஆண்டுகளாகச் சுமை ஏற்றிப் போன வண்டி மொபெட். 70 சிசி எஞ்சின், நான்கு குதிரைத்திறனுக்கும் குறைவான சக்தி, பின்னால் ஒரு மூட்டை, முன்னால் ஒரு மூட்டை. அதோடு மலை ஏறிவிடும். ஆனால் அதே வண்டி கள்ளக்குறிச்சி - சேலம் நெடுஞ்சாலையில் எவ்வளவு முறுக்கினாலும் ஓர் அளவுக்கு மேல் வேகம் எடுக்காது.

இதற்கு நேர் எதிரான வண்டிகளும் உண்டு. சைலன்சரை மாற்றி, எஞ்சினுக்குள் அரம் போட்டுத் தேய்த்துப் பந்தயத்துக்குத் தயார் செய்த பைக்குகள். சமதளத்தில் பறக்கும். அதையே ஆள் ஏற்றி மேட்டில் விட்டால் திணறி நின்றுவிடும்.

இரண்டும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்கள்தான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்? காரணங்கள் பல இருந்தாலும் முக்கியமான ஒன்று சிலிண்டரின் சுவரில் இருக்கும் ஒரு துளை. எரிந்த புகை வெளியேறும் அந்தத் துளையை மெக்கானிக்குகள் எக்சாஸ்ட் போர்ட் என்பார்கள். அது சில மில்லிமீட்டர் மேலே இருந்தால் ஒரு குணம், கீழே இருந்தால் இன்னொரு குணம். அந்த வாசலை ஓடும்போதே ஏற்றி இறக்க முடியுமா என்ற கேள்விக்குக் கிடைத்த விடைதான் பவர் வால்வு. அது ஜெர்மனியில் விதைபோட்டு, ஜப்பானில் வளர்ந்து, கனடாவின் பனிவண்டிகளில் நிலைத்தது. இந்தியச் சாலைகளுக்கு மட்டும் வரவே இல்லை. ஏன் வரவில்லை, வராததால் நாம் பெற்றது என்ன, இழந்தது என்ன என்பதுதான் இந்தக் கட்டுரை.

வால்வு இல்லாத எஞ்சின்

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டுகால்ட் கிளார்க் 1878-ல் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினை உருவாக்கி 1881-ல் காப்புரிமை பெற்றார். ஆனால் நம் மொபெட்டுக்கு நேர் மூதாதை அதுவல்ல. இங்கிலாந்தின் பாத் நகரில் எஞ்சினியராக இருந்த ஜோசப் டே, கிராங்க்கேஸையே காற்றடிக்கும் பம்பாகப் பயன்படுத்தும் எளிய எஞ்சினை 1889 வாக்கில் உருவாக்கினார். அவரிடம் வேலை செய்த ஃபிரெடரிக் காக் என்பவர் 1892-ல் அதை மேலும் எளிமையாக்கினார். எரிபொருள் உள்ளே வருவதையும் புகை வெளியே போவதையும் பிஸ்டனே மேலும் கீழும் நகர்ந்து திறந்து மூடும்படி செய்தார்.

இதனால் ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினில் இருக்கும் வால்வு, கேம், ராக்கர் எதுவும் தேவைப்படவில்லை. நகரும் பாகங்கள் முக்கியமாக மூன்றுதான்: பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க். விலை குறைவு, எடை குறைவு, பிரித்துப் பூட்டுவதும் சுலபம். ஏழை நாடுகளில் டூ-ஸ்ட்ரோக் வெற்றி பெற்றதற்கு இதுவே காரணம்.

ஆனால் இந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. பிஸ்டன் கீழே இறங்கும்போது முதலில் எக்சாஸ்ட் போர்ட் திறக்கும், புகை வெளியேறும். அடுத்து, புதிய பெட்ரோல் கலவை உள்ளே வரும் டிரான்ஸ்ஃபர் போர்ட்கள் திறக்கும். பிஸ்டன் மேலே ஏறும்போது டிரான்ஸ்ஃபர் போர்ட்கள் முதலில் மூடும், எக்சாஸ்ட் கடைசியில் மூடும். அதாவது புதிய கலவை உள்ளே வந்த பிறகும் வெளிவாசல் கொஞ்ச நேரம் திறந்தே கிடக்கிறது. அந்த நேரத்தில் எரியாத பெட்ரோல் புகையோடு சேர்ந்து வெளியே ஓடிவிடும். சாதாரண டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் மூன்றில் ஒரு பங்கு எரிபொருள் வரைகூட இப்படி வீணாகலாம்.

எக்சாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பு உயரமாக இருந்தால் அது சீக்கிரம் திறந்து தாமதமாக மூடும். எஞ்சின் நிமிடத்துக்கு 10,000 சுற்று சுற்றும்போது புகை வெளியேற நேரமே இருக்காது. எனவே அப்போது உயரமான வாசல் நல்லது. ஆனால் 3,000 சுற்றில் அதே உயரமான வாசல் வழியாகக் கலவை ஓடிப்போய், அழுத்தமும் குறைந்து, இழுவை செத்துவிடும். வாசலைத் தாழ்வாக வைத்தால் மேட்டில் நன்றாக இழுக்கும், மேல் வேகம் கிடைக்காது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். சுமை வண்டி செய்தவர்கள் தாழ்வான வாசலையும் பந்தய வண்டி செய்தவர்கள் உயரமான வாசலையும் தேர்ந்தெடுத்தார்கள்.

ட்ஷோபாவ் என்ற சிற்றூர்

ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் ட்ஷோபாவ் என்ற சிறிய ஊர் இருக்கிறது. டிகேடபிள்யூ என்ற புகழ்பெற்ற மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை இங்குதான் இருந்தது. அடோல்ஃப் ஷ்னூர்லே என்ற பொறியாளர், புதிய கலவையைச் சிலிண்டருக்குள் வளைய வைத்துப் புகையை வெளியே தள்ளும் முறையைக் கண்டுபிடித்தார். மோட்டார் சைக்கிளுக்கு அதைப் பயன்படுத்தும் உரிமையை டிகேடபிள்யூ பெற்றது. அதன் ஆர்டி125 என்ற எளிய வண்டி, போருக்குப் பிறகு உலகத்தில் பல நாடுகளில் நகலெடுக்கப்பட்டது. இங்கிலாந்தின் பிஎஸ்ஏ பேன்டம், அமெரிக்காவில் ஹார்லியின் 125 சிசி வண்டி எல்லாம் அதன் வாரிசுகளே. ஜப்பானில் 1955-ல் யமஹா தயாரித்த முதல் மோட்டார் சைக்கிளான ஒய்ஏ-1-ம் அந்த வண்டியைப் பார்த்துச் செய்ததுதான். நம் ஊரில் ஓடிய ஆர்எக்ஸ் 100-ன் கொள்ளுத்தாத்தா வீடு ட்ஷோபாவ் என்று சொன்னால் தவறில்லை!

போருக்குப் பின் இந்த ஊர் கிழக்கு ஜெர்மனிக்குள் போனது. தொழிற்சாலை எம்இசட் என்ற பெயரில் நடந்தது. பந்தயப் பிரிவின் பொறுப்புக்கு 1953-ல் வால்டர் காடன் வந்தார். பணம் இல்லை, நல்ல உலோகம் கிடைப்பது கஷ்டம், ஆட்கள் குறைவு. இந்த நிலையில் அவர் கவனத்தைச் செலுத்தியது சைலன்சர் குழாயின் மீது.

புகை வெளியேறும்போது குழாய்க்குள் அழுத்த அலை ஒன்று ஓடுகிறது. குழாய் விரியும் இடத்தில் அது உறிஞ்சும் அலையாகத் திரும்பி வருகிறது, குறுகும் இடத்தில் தள்ளும் அலையாகத் திரும்பி வருகிறது. குழாயின் நீளத்தையும் வடிவத்தையும் சரியாக அமைத்தால், முதல் அலை புகையை உறிஞ்சி எடுக்கும். இரண்டாவது அலை வெளியே தப்பித்த புதிய கலவையை வாசல் மூடுவதற்குள் மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளிவிடும். வயிறு பருத்த அந்தக் குழாய்க்குத்தான் எக்ஸ்பேன்ஷன் சேம்பர் என்று பெயர். குழாய்க்குள் அலை இருப்பதை முதலில் கண்டவர் காடன் அல்ல. ஆனால் அதை உயரமான எக்சாஸ்ட் போர்ட்டோடும், சுழலும் வட்டத்தட்டு இன்லெட் வால்வோடும் சேர்த்து ஒரு முழு அமைப்பாக்கியவர் அவரே. 1961-ல் அவருடைய 125 சிசி எஞ்சின் 25 குதிரைத்திறன் தந்தது. ஒரு லிட்டருக்கு 200 குதிரைத்திறன் என்ற கணக்கு. டர்போ, சூப்பர்சார்ஜர் எதுவும் இல்லாமல் அந்த அளவைத் தொட்ட முதல் எஞ்சின் அதுதான்.

அந்த ஆண்டு 125 சிசி உலகப் பட்டத்தை வெல்லும் நிலையில் இருந்தவர் எம்இசட் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர். ஆகஸ்ட் 1961-ல் பெர்லின் சுவர் எழும்பியது. செப்டம்பரில் ஸ்வீடனின் கிறிஸ்டியான்ஸ்டாட் பந்தயத்துக்கு வந்த டெக்னர் திரும்பிப் போகவில்லை. அவர் மனைவியும் குழந்தைகளும் காரின் பின்பெட்டியில் மறைந்து மேற்குக்கு வந்து சேர்ந்தார்கள். டெக்னர் ஜப்பானின் சுஸுகி கம்பெனியில் சேர்ந்தார். காடனின் ரகசியங்களும் அவரோடு போயின. மறுவருடமே, 1962-ல், 50 சிசி உலகப் பட்டத்தை சுஸுகிக்கு வென்று கொடுத்தார். அதுவே சுஸுகியின் முதல் உலகப் பட்டம்.

ஒருபுறம் பார்த்தால் இது துரோகம். இன்னொருபுறம் பார்த்தால் குடும்பத்தோடு சுதந்திரம் தேடிய ஒரு மனிதனின் முடிவு. எப்படி எடுத்துக்கொண்டாலும், சுவருக்குப் பின்னால் இருந்த அறிவு அன்றைக்கு ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்தது. காடன் ட்ஷோபாவிலேயே இருந்து, சுவர் இடிந்ததையும் பார்த்து, 1996-ல் இறந்தார். டெக்னர் 1983-ல் இறந்தார். ஜப்பானின் சுஸுகா பந்தயத் தளத்தில் ஒரு வளைவு இன்றும் டெக்னர் பெயரில்தான் இருக்கிறது.

வாசல் நகர்ந்தது

காடனின் முறையில் ஒரு குறை இருந்தது. திரும்பி வரும் அலை சரியான நேரத்தில் வாசலுக்கு வந்து சேருவது ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும்தான். அந்த வேகத்துக்குக் கீழே எஞ்சின் சோம்பிக் கிடக்கும். அந்த வேகம் வந்ததும் திடீரென்று சீறும். இதைத்தான் பவர் பேண்ட் என்றார்கள். சக்தி கூடக்கூட அந்தப் பட்டை குறுகிக்கொண்டே போனது. 1970-களில் 500 சிசி பந்தய வண்டிகளை வளைவுகளில் அடக்கி ஓட்டுவது வீரர்களுக்குப் பெரும்பாடு.

1977-ல் யமஹா தன் 500 சிசி பந்தய வண்டியில் ஒரு புதிய அமைப்பைப் பொருத்தியது. எக்சாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பை ஒட்டி, குறுக்கே ஓர் உருளை. அந்த உருளையின் ஒரு பக்கம் வெட்டி எடுக்கப்பட்டிருக்கும். குறைந்த வேகத்தில் அது திரும்பி நின்று வாசலின் மேல்பகுதியை மறைக்கும், அதாவது வாசல் தாழ்வாகிவிடும். வேகம் கூடும்போது உருளை சுழன்று வழிவிடும், வாசல் உயரமாகிவிடும். யமஹா பவர் வால்வு சிஸ்டம், சுருக்கமாக ஒய்பிவிஎஸ் என்று இதற்குப் பெயர். கென்னி ராபர்ட்ஸ் 1978, 1979, 1980 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் 500 சிசி உலகப் பட்டம் வென்ற காலத்தில் யமஹாவின் கையில் இந்த ஆயுதம் இருந்தது.

மற்ற கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. கவாஸாகி கிப்ஸ் என்ற அமைப்பையும், சுஸுகி ஏஇடிசி என்ற அமைப்பையும் கொண்டுவந்தன. ஹோண்டாவின் ஏடிஏசி கொஞ்சம் வேறுபட்டது. அது வாசலின் உயரத்தை மாற்றாமல், குறைந்த வேகத்தில் குழாயின் பக்கத்தில் ஒரு சிறிய அறையைத் திறந்துவிடும். அலை திரும்பி வரும் நேரம் அதனால் மாறும். வால்வை அசைக்கும் வழிகளும் வேறுவேறு. சிலவற்றில் மின்மோட்டாரும் கேபிளும், சிலவற்றில் வேகத்தால் விரியும் எடைக்குண்டுகள், சிலவற்றில் புகையின் அழுத்தமே.

1983: இரண்டு 350-கள்

1983-ல் ஐரோப்பியக் கடைகளுக்கு யமஹா ஆர்டி350எல்சி ஒய்பிவிஎஸ் வந்தது. 347 சிசி, இரண்டு சிலிண்டர், தண்ணீரால் குளிரும் எஞ்சின், பவர் வால்வு. சக்தி 50 குதிரைத்திறனுக்கும் மேல்.

அதே 1983-ல் இந்தியாவில் எஸ்கார்ட்ஸ் கம்பெனி யமஹாவின் உதவியோடு ராஜ்தூத் 350 வண்டியை வெளியிட்டது. இதுவும் 347 சிசி, இதுவும் இரண்டு சிலிண்டர். சிலிண்டரின் விட்டமும் பிஸ்டன் ஓடும் நீளமும்கூட அதே 64 மி.மீ., 54 மி.மீ. ஆனால் இது 1970-களின் ஆர்டி350பி மாடல். காற்றால் குளிரும் எஞ்சின், பவர் வால்வு கிடையாது. ஜப்பானிய மூலத்தில் 39 குதிரைத்திறன் இருந்ததை இந்தியாவுக்காக 30.5 ஆகக் குறைத்தார்கள். பிறகு மைலேஜ் போதவில்லை என்று இன்னும் குறைத்து 27 ஆக்கினார்கள். இந்த இரண்டையும்தான் ரசிகர்கள் ஹை டார்க், லோ டார்க் என்று இன்றும் பிரித்துப் பேசுகிறார்கள்.

ஒரே ஆண்டு, ஒரே அளவு எஞ்சின். ஓரிடத்தில் வாசலை நகர்த்தி இரண்டு குணத்தையும் வாங்கிக்கொண்டார்கள். இன்னோரிடத்தில் சக்தியை விட்டுக்கொடுத்து மைலேஜ் தேடினார்கள். அப்படியும் ராஜ்தூத் 350 வியாபாரத்தில் தோற்றது. பெட்ரோல் விலைக்குப் பயந்த நாட்டில் அது பணக்கார வண்டியாகவே பார்க்கப்பட்டது. 1980-களின் முடிவில் உற்பத்தி நின்றது.

வென்றவை வேறு வண்டிகள். ஓசூரில் 1980-ல் டிவிஎஸ் 50 வந்தது. இருவர் அமர்ந்து போகக்கூடிய முதல் இந்திய மொபெட் அது. காடனின் அறிவை டெக்னர் வழியாகப் பெற்ற அதே சுஸுகியோடு டிவிஎஸ் கூட்டுச் சேர்ந்தது. 1984-ல் ஓசூரிலிருந்தே இந்த்-சுஸுகி ஏஎக்ஸ் 100 வெளிவந்தது. 1985-ல் யமஹா ஆர்எக்ஸ் 100 வந்தது: 98 சிசி, 11 குதிரைத்திறன். இவற்றில் எதிலும் பவர் வால்வு இல்லை. உள்ளே வரும் வழியில் ரீட் வால்வு என்ற மெல்லிய தகடு வைத்துக் கொஞ்சம் இழுவையைக் கூட்டினார்கள், வெளியே போகும் வழியைத் தொடவில்லை.

இதைக் கஞ்சத்தனம் என்று சொல்லிவிட முடியாது. பவர் வால்வு என்றால் கூடுதல் பாகம், கூடுதல் விலை, கூடுதல் பராமரிப்பு. கள்ளக்குறிச்சி மாதிரி ஊரில் ஒரு ஸ்பேனர் செட்டும் திருப்புளியும் வைத்திருக்கும் மெக்கானிக்கால் அரை நாளில் பிரித்துப் பூட்ட முடிகிற வண்டிதான் அன்றைக்குத் தேவைப்பட்டது. வழியில் நின்றால் பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டுக் கிளம்ப வேண்டும். மலைக்கிராமத்தில் நின்றுபோன வண்டிக்கு வால்வு மோட்டாரை எங்கே போய் வாங்குவது?

வேகம் வேண்டியவர்கள் மட்டும் வேறு வழி பார்த்தார்கள். சோழவரம் ஓடுபாதையிலும், பிறகு இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்திலும் ஓடிய டூ-ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு எக்சாஸ்ட் போர்ட்டை அரத்தால் தேய்த்து உயர்த்துவது வழக்கம். போர்ட்டிங் என்று இதற்குப் பெயர். ஆனால் இது ஒருவழிப் பாதை. தேய்த்த உலோகம் திரும்பி வராது. அந்த வண்டி அதன்பிறகு ஊருக்குள் ஓட்ட லாயக்கில்லை. வால்வு நொடியில் செய்து நொடியில் திருப்பிக்கொள்வதை அரம் ஒரேயடியாகச் செய்துவிடுகிறது.

பனியில் போய் நின்ற வால்வு

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் வால்கூர் என்ற ஊரைச் சேர்ந்தவர் ஜோசப்-அர்மான்ட் பாம்பார்டியர். 1959-ல் அவர் வெளியிட்ட ஸ்கி-டூ என்ற பனிவண்டி உலகப் புகழ் பெற்றது. முன்னால் இரண்டு சறுக்குக்கட்டை, பின்னால் ஒரு ரப்பர் பட்டை. ஆழமான பனியில் மூழ்காமல் இருக்க எடை குறைவாக இருக்க வேண்டும். கடுங்குளிரில் உடனே ஸ்டார்ட் ஆக வேண்டும். இரண்டுக்கும் டூ-ஸ்ட்ரோக் பொருத்தமானது. ஆஸ்திரியாவின் ரோடாக்ஸ் எஞ்சின் கம்பெனியை 1970-ல் பாம்பார்டியர் வாங்கிக்கொண்டது. நம் நாட்டில் குல்மார்க்கில் சுற்றுலாப் பயணிகளும், சியாச்சினில் ராணுவ வீரர்களும் ஏறிச் செல்லும் பனி ஸ்கூட்டர்கள் இந்த வகை வண்டிகளே.

ரோடாக்ஸின் பவர் வால்வுக்கு ரேவ் என்று பெயர். இதில் மோட்டார் இல்லை. எக்சாஸ்ட் போர்ட்டின் மேல் ஒரு தகடு, மடைக்கதவு மாதிரி ஏறி இறங்கும். அதன் மேல்முனையில் ஒரு ரப்பர் பை, அதற்கு மேல் ஒரு ஸ்பிரிங். எஞ்சின் வேகம் கூடும்போது புகையின் அழுத்தம் ரப்பர் பையை உப்பவைத்துத் தகட்டை மேலே தூக்கும். வேகம் குறைந்தால் ஸ்பிரிங் அதைக் கீழே தள்ளும். வெளியே இருக்கும் ஒரு திருகைத் திருப்பி ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மாற்றலாம். பிற்பாடு மின்னணுக் கட்டுப்பாடும் வந்தது.

இவ்வளவு எளிய அமைப்பிலும் தொல்லை வராமல் இல்லை. தொல்லையின் பெயர் கரி. டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயிலும் எரிகிறது. எரியாத ஆயில் தகட்டின் மேல் படிந்து, சூட்டில் கெட்டியாகி, மடைக்கதவைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்துக்கொண்டால் வண்டி காட்டும் அடையாளங்கள் தெளிவானவை.

வால்வு கீழே இறங்கிய நிலையில் சிக்கினால், வண்டி நன்றாகக் கிளம்பும், நன்றாக இழுக்கும், ஆனால் ஓர் அளவுக்கு மேல் எஞ்சின் சுற்றாது. மேலே ஏறிய நிலையில் சிக்கினால், கிளம்பும்போது திணறும், வேகம் பிடித்த பிறகு சீறும். ரப்பர் பை கிழிந்திருந்தாலும் வால்வு மேலே ஏறாது, வேகம் கிடைக்காது. சீல் தேய்ந்திருந்தால் வால்வு உறையைச் சுற்றிக் கறுப்பு ஆயில் கசியும். ஸ்பிரிங் தளர்ந்தால் வால்வு சீக்கிரமே திறந்து நடுவேகத்தில் இழுவை குறையும். இரண்டு சிலிண்டரில் ஒன்றின் வால்வு மட்டும் சிக்கினால், எஞ்சின் ஒரு காலில் நொண்டுவது போல ஓடும்.

இதில் பெரிய சிக்கல், இதே அடையாளங்களை வேறு கோளாறுகளும் காட்டும் என்பதுதான். மேல்வேகம் கிடைக்காவிட்டால் கார்புரேட்டர் ஜெட் அடைப்பு என்று நினைப்பார்கள். பனிவண்டியில் கியர் இல்லை, பெல்ட் கிளட்ச்தான். அதனால் பெல்ட் தேய்ந்துவிட்டது என்று அதை மாற்றுவார்கள். காசு செலவாகும், கோளாறு அப்படியே இருக்கும். நல்ல மெக்கானிக் முதலில் சுலபமானதைப் பார்ப்பார். வால்வு மூடியைக் கழற்றி, தகட்டைக் கையால் அசைத்துப் பார்ப்பார். தடையின்றி ஏறி இறங்கினால் சரி. இல்லையென்றால் கரியைக் கரைத்துத் துடைத்து, ரப்பர் பையை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை பார்த்து, தகட்டின் சாய்ந்த முனையைத் தலைகீழாக மாட்டிவிடாமல் பூட்டுவார். தலைகீழாக மாட்டினால் பிஸ்டனில் இடித்து எஞ்சினே போய்விடக்கூடும். யமஹா தன் ஒய்பிவிஎஸ் வண்டிகளில் இதற்கு ஒரு நல்ல வழி வைத்தது. சாவியைத் திருப்பியதும் மோட்டார் வால்வை ஒருமுறை முழுக்கச் சுழற்றிக் கரியைச் சுரண்டிவிடும்.

கரி என்ற பொது எதிரி

வால்வு இல்லாத நம் ஊர் வண்டிகளுக்குக் கரித் தொல்லை இல்லையா? இருந்தது, அதுவும் அதிகமாகவே. மலைப்பாதையில் குறைந்த வேகத்தில் அதிகச் சுமையோடு போகும் மொபெட்டின் சைலன்சர் சூடாகிக் கரியை எரித்துத் தள்ளும் அளவுக்கு வேகம் எடுப்பதே இல்லை. பங்க்கில் அளந்து ஊற்ற வேண்டிய ஆயிலை, எஞ்சின் நன்றாக இருக்கட்டும் என்று கூடுதலாக ஊற்றுபவர்களும் உண்டு. விளைவு, எக்சாஸ்ட் போர்ட்டின் ஓரங்களில் கரி வளர்ந்து வாசல் குறுகும். சைலன்சருக்குள் அடைப்பு ஏறும். பிக்கப் இல்லை, மேடு ஏறவில்லை, மைலேஜ் தரவில்லை என்று வண்டி ஷெட்டுக்கு வரும்.

அனுபவமுள்ள மெக்கானிக் சைலன்சர் முனையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். புகை தள்ளும் வேகத்திலேயே அவருக்கு விஷயம் புரிந்துவிடும். சைலன்சரைக் கழற்றி உள்குழாயை நெருப்பில் போட்டு எரிப்பார், அல்லது காஸ்டிக் சோடாவில் ஊறவைப்பார். பிஸ்டனைக் கீழே இறக்கி, போர்ட்டில் இருக்கும் கரியைக் கீறல் விழாமல் சுரண்டி எடுப்பார். இது கனடாவின் பனிவண்டி மெக்கானிக் செய்யும் அதே வேலை. அங்கே வால்வுத் தகட்டைத் துடைக்கிறார்கள், இங்கே வாசலையே துடைத்தார்கள். அடையாளத்தைக் கேட்டு, மலிவான காரணத்தை முதலில் சோதித்து, கார்புரேட்டரைக் கடைசியில் தொடும் அந்த முறையும் ஒன்றுதான். அங்கே அதற்குப் புத்தகம் இருக்கிறது. இங்கே அது ஷெட்டில் எடுபிடியாகச் சேர்ந்த பையனுக்குக் கைவழியாக வந்தது.

புகை கேட்ட விலை

கரியைச் சுரண்டிவிடலாம். காற்றில் கலந்த புகையை என்ன செய்வது? இந்தியாவில் பெட்ரோல் வண்டிகளுக்கு முதல் புகைக் கட்டுப்பாடு 1991-ல் வந்தது. 1996-லும் 2000-லும் விதிகள் மேலும் இறுகின. 1996-ல் ஆர்எக்ஸ் 100 நின்றது. மைசூரில் ஜாவா, யெஸ்டி வண்டிகளைச் செய்த ஐடியல் ஜாவா தொழிற்சாலையும் அதே ஆண்டு மூடப்பட்டது. அதற்குத் தொழிலாளர் பிரச்சினை, போட்டி என்று வேறு காரணங்களும் உண்டு. 1985-லிருந்து ஓடிக்கொண்டிருந்த ஹீரோ ஹோண்டாவின் ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகள் அந்த இடத்தைப் பிடித்தன. மொபெட் மட்டும் இன்னும் பல ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. 2015-ல் டிவிஎஸ் எக்ஸ்எல் 100 ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினோடு வந்தது. பழைய டூ-ஸ்ட்ரோக் எக்ஸ்எல் பிறகு விடைபெற்றது.

இங்கேதான் பவர் வால்வு வராததால் இழந்தது எது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. குறைந்த வேகத்தில் வாசலைத் தாழ்த்தினால் சக்தி மட்டும் கூடுவதில்லை, தப்பித்து ஓடும் பெட்ரோலும் குறைகிறது. பந்தயத்துக்காகப் பிறந்த வால்வு புகையைக் குறைக்கவும் உதவும். ஹோண்டா இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனது. எக்சாஸ்ட் வால்வைக் கொண்டு சிலிண்டருக்குள் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தி, ஸ்பார்க் இல்லாமலே கலவை சீராக எரியும்படி செய்தது. அந்த எஞ்சின் பொருத்திய 400 சிசி வண்டி 1995-ன் டக்கார் பாலைவனப் பந்தயத்தில் ஐந்தாவது இடம் பிடித்தது.

ஆனால் வால்வு மட்டும் போதாது என்பதையும் பனிவண்டியே காட்டியது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் பனிவண்டிகளின் புகையும் சத்தமும் பெரிய வழக்காகிப்போனது. அதையொட்டி 2000-ல் கல்லூரி மாணவர்களுக்குச் 'சுத்தமான பனிவண்டி' போட்டி தொடங்கியது. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக மாணவர்கள் கார்புரேட்டரை நீக்கிவிட்டு, வாசல் மூடும் நேரத்தில் பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீச்சும் முறையைப் பொருத்தினார்கள். பெட்ரோலே தாமதமாக வந்தால் தப்பித்து ஓட என்ன இருக்கிறது? அந்த அனுபவத்திலிருந்து 2003-ல் என்விரோஃபிட் என்ற அமைப்பு பிறந்தது. பிலிப்பைன்ஸின் விகான் நகரில் ஓடும் பழைய டூ-ஸ்ட்ரோக் டிரைசைக்கிள்களுக்கு அதே முறையை அது பொருத்தியது. பனிநாட்டின் தீர்வு வெயில் நாட்டு ஏழை ஓட்டுநருக்குப் பயன்பட்டது. ஸ்கி-டூ பனிவண்டிகள் இன்றும் நேரடிப் பீச்சலும் பவர் வால்வும் சேர்ந்த டூ-ஸ்ட்ரோக் எஞ்சினோடு வருகின்றன.

இந்தியாவில் பெரும்பாலும் டூ-ஸ்ட்ரோக்கைச் சுத்தம் செய்வதை விட்டுவிட்டு ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு மாறினார்கள். காற்றுக்கு அது நல்லதுதான். நெரிசலான நகரங்களில் நீலப்புகையைச் சுவாசித்தவர்கள் யாரும் அதை மறுக்கமாட்டார்கள். நிலையான, தாழ்வான வாசலைத் தேர்ந்தெடுத்ததால் மலிவான வண்டி கிடைத்தது, மலைக்கிராமத்துக்கும் சந்தைக்கும் இடையிலிருந்த தூரம் குறைந்தது, ஊர் ஊராக மெக்கானிக்குகள் உருவானார்கள். அதே தேர்வால் ஒரு தலைமுறை புகையையும் குடித்தது. இரண்டையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

கள்ளக்குறிச்சி 2019-ல் தனி மாவட்டமாகிவிட்டது. வெள்ளிமலைச் சாலையில் இப்போது ஏறும் புதிய மொபெட்டில் ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின் இருக்கிறது, அதில் புகை போகும் வழியைத் திறந்து மூட உண்மையான வால்வு இருக்கிறது. பழைய ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்கள் மட்டும் சைலன்சர் கரி எடுக்கத் தெரிந்த ஆளைத் தேடி அலைகிறார்கள். அப்படி ஒருவர் கிடைத்தால், அவர் கையை சைலன்சர் முனையில் வைத்து என்ன பார்க்கிறார் என்று பக்கத்தில் நின்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. அந்தப் பாடம் தமிழில் இன்னும் எந்தப் பாடப்புத்தகத்திலும் ஏறவில்லை.